பேத்தை பட்டினி கிடக்கிறதா? வாயைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

நானுஓயாவிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம்:

"எட்டு மாதமாக வீட்டில் ஒரு கடல் பேத்தை மீன் வளர்க்கிறோம். நாய்முகப் பேத்தை என்று சொல்லி கொழும்பில் ஒரு கடையில் தந்தார்கள். ஐந்து அங்குலம் இருக்கும். மகள் அதற்கு 'உருண்டை' என்று பெயர் வைத்திருக்கிறாள். தொட்டி மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. 100 வாட் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. காலையில் பார்த்தால் தெர்மோமீற்றர் 18, 19 காட்டும். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் கடல் உப்புப் பொடி கலந்து ஊற்றுகிறேன். தொட்டியில் தண்ணீர் குறைந்தாலும் அதே உப்புத் தண்ணீரைத்தான் விடுகிறேன். சாப்பாடு, கோது நீக்கிய ஐஸ் இறால் மட்டும். பொங்கலுக்கு நாலு நாள் பதுளைக்குப் போய் வந்தோம். வந்ததும் இறாலைக் கவ்வித் துப்பத் தொடங்கியது. இப்போது பக்கத்திலேயே வருவதில்லை. இரண்டு வாரம் ஆகிறது. விட்டுவிட்டுப் போன கோபமா என்று மகள் கேட்கிறாள். கடைக்காரர் ஒரு நீல மருந்தை ஊற்றச் சொல்கிறார். என் மச்சான் உயிருள்ள கப்பி மீன்களைப் போடச் சொல்கிறார். துணைக்கு இன்னொரு மீன் விட்டால் சாப்பிடுமா?"

டீச்சர், முதலில் ஒரு ஆறுதல். நல்ல உடம்போடு இருந்த ஐந்து அங்குலப் பேத்தை இரண்டு வாரப் பட்டினியைத் தாங்கும். கடலில் இதற்குத் தினமும் விருந்து கிடைப்பதில்லை. ஆகவே இன்று இரவே அதன் வாயில் எதையாவது திணித்தாக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். அந்தப் பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான் பட்டினியை விட வேகமாக மீனைக் கொல்கின்றன. கடைக்காரரின் நீல மருந்தும் அதில் ஒன்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் 18, 19 என்ற அந்த எண்தான். நாய்முகப் பேத்தை பவளப்பாறை மீன். நம் தீவைச் சுற்றியுள்ள கடலிலும் உண்டு. அதன் உடம்பு 25, 26 பாகை வெப்பத்துக்குப் பழகியது. மீனுக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கத் தெரியாது. தண்ணீர் என்ன வெப்பமோ அதுவும் அதே வெப்பம். தண்ணீர் பத்துப் பாகை குளிர்ந்தால் அதன் உடம்புக்குள் நடக்கும் வேலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். குடலும் அப்படித்தான். முன்பு தின்ற இறால் இன்னும் செரிக்காமல் கிடக்கும்போது அதற்கு எப்படிப் பசிக்கும்? கொழும்புக் கடைக்காரருக்கு இந்தச் சந்தேகமே வராது. அவருடைய ஊரில் ஹீட்டர் பழுதானால்கூட மீனுக்குத் தெரியாது. நானுஓயா கிட்டத்தட்ட 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத இரவுகளில் அங்கே என்ன குளிர் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தொட்டி 190 லீற்றர் அளவு பிடிக்கும். இரவில் உங்கள் வீட்டுக்குள் 14, 15 பாகை இருந்தால், தண்ணீரை 25இல் நிறுத்த 10 பாகை உயர்த்த வேண்டும். அதற்கு லீற்றருக்கு 2 வாட் அளவு வேண்டும். 100 வாட் ஹீட்டர் இரவெல்லாம் அணையாமல் எரிந்தாலும் எட்டாது. அதன் மேல் குற்றமில்லை, வேலை அதன் சக்திக்கு மேற்பட்டது. 200 வாட்டில் இரண்டு வாங்கி, தொட்டியின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம். அது அணையாமல் சிக்கிக்கொண்டால் மீன் வெந்துவிடும், எரியாமல் நின்றால் உறைந்துவிடும். இரண்டு இருந்தால் ஒன்று கெட்டாலும் மற்றது ஓரளவு தாங்கும். பேத்தை எதையும் கடித்துப் பார்க்கும் சுபாவம் உள்ளது என்பதால் ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூடும் வேண்டும், வயர் அதன் வாய்க்கு எட்டாமலும் இருக்க வேண்டும்.

மின்சாரக் கட்டணம் ஏறும். அதைக் குறைக்க, தொட்டியின் பின்புறத்துக்கும் இரு பக்கங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் ஓர் அங்குல ரிஜிஃபோம் தகடு ஒட்டுங்கள். முன்பக்கத்துக்கு ஒரு கம்பளி, இரவில் மட்டும். மேலே கண்ணாடி மூடி போடலாம், ஆனால் முழுவதுமாக அடைக்க வேண்டாம். அதற்குக் காரணம் உண்டு. உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே கணக்கில் குறையும். 25 பாகையில் உள்ள கடல் தண்ணீர் கொழும்பில் லீற்றருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், உங்கள் ஊரில் 5.5 அளவுதான் பிடிக்கும். தண்ணீரைச் சூடாக்கும்போது இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே ஹீட்டரைக் கூட்டும் அன்றே காற்றுப் பம்பையும் கூட்டுங்கள், தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்பை அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள். விறகுப் புகை, நுளம்புச் சுருள் புகை, வாசனை ஸ்பிரே எல்லாவற்றையும் அது இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிவிடும்.

ஹீட்டர் வந்த கையோடு 26க்குத் திருகி வைத்துவிடாதீர்கள். குளிர்ந்த தொட்டியில் ஃபில்ட்டரில் குடியிருக்கும் நல்ல பக்டீரியாவும் சோர்ந்துதான் இருக்கும், 18 பாகையில் அவற்றின் வேகம் ஏறக்குறைய பாதி. பேத்தை தின்னும்போதே பாதியைச் சிதறடிக்கும் மீன். நீங்கள் இரண்டு வாரமாக அது தின்னட்டும் என்று போட்டுப் பார்த்த இறாலும் அங்கேதான் கரைந்திருக்கும். இதெல்லாம் அமோனியாவாக நிற்கும். குளிரில் அதன் விஷம் கொஞ்சம் அடங்கியிருக்கும், 18இலிருந்து 26க்கு ஏற்றினால் அதே அமோனியாவின் விஷப் பகுதி ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். சூடாக்கி மீனைக் காப்பாற்றப் போனவர்கள் மறுநாள் காலையில் செத்த மீனைப் பார்ப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே முதல் வேலை தண்ணீர் மாற்றுவது. காற்பங்கு மாற்றுங்கள். அடுத்த நாள் விட்டு மறுநாள் இன்னொரு காற்பங்கு. அப்புறம் ஹீட்டரைக் காலையில் ஒரு பாகை, மாலையில் ஒரு பாகை என்று ஏற்றுங்கள். நாலைந்து நாளில் 25க்கு வந்துவிடும். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது, வாசனையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அமோனியாவுக்கு நிறம் கிடையாது, மீனைக் கொல்லும் அளவில் நம் மூக்குக்குத் தெரியவும் தெரியாது. அமோனியா, நைட்ரைற்று, நைட்ரேற்று மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். மீன் வளர்ப்பில் நான் யாரையும் கடன் வாங்கியாவது வாங்கச் சொல்வது இந்த ஒரு பொருளைத்தான். முதல் இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். மூன்றாவது 40க்குள் இருந்தால் போதும்.

புதுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேச வேண்டும். பீலித் தண்ணீர் குடிக்க அருமையாக இருக்கும். ஆனால் அது எந்தச் சரிவிலிருந்து வருகிறது? மழைக் காலத்தில் தேயிலையில் கொப்புள நோய் வரும்போது தோட்டங்களில் செம்பு கலந்த மருந்து தெளிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மலைச்சரிவில் மரக்கறித் தோட்டம் இருந்தால் அங்கே தெளிப்பதற்குக் கணக்கே இல்லை. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவுச் செம்பு மீனுக்கு விஷம். சாதாரணச் செதில்கள் இல்லாத பேத்தைக்கு இன்னும் மோசம். மருந்து தெளிக்கும் நாட்களிலும் அதற்குப் பின் வரும் முதல் மழையிலும் பீலித் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். தகரக் கூரையில் வழியும் மழைத் தண்ணீரும் வேண்டாம், அதில் நாகம் (துத்தநாகம்) கரைந்திருக்கும். குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதைப் பிடித்து, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டுப் பாவியுங்கள். அது கிடைக்காவிட்டால் பீலித் தண்ணீரை மீன் தொட்டிக்கென்று விற்கும் கரி வழியாக வடித்து எடுங்கள். கரி எல்லாவற்றையும் பிடிக்காது என்றாலும் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

உப்பு விஷயத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவுக்கு மறுபடியும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறிக்கொண்டே போகும். எட்டு மாதத்தில் எங்கே போய் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அடர்த்தி அளவி 1.021க்கும் 1.025க்கும் நடுவே காட்ட வேண்டும். பெரும்பாலான பிளாஸ்டிக் அளவிகள் 25 பாகைத் தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை, 18 பாகைத் தண்ணீரில் 0.002 வரை கூட்டிக் காட்டும். அதனால் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து வெதுவெதுப்பாக்கி அளப்பது நல்லது. உப்பு கூடியிருந்தால் ஒரே நாளில் இறக்க வேண்டாம், நாளுக்கு 0.001 போதும். இனிமேல் குறையும் அளவுக்கு நன்னீரை மட்டும் விடுங்கள். புதிதாகக் கலக்கும்போது லீற்றருக்கு 35 கிராம் அளவில் கடல் உப்புப் பொடி போட்டு, வாளியில் காற்றுப் பம்ப் ஓடவிட்டு, ஒரு நாள் வைத்திருந்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள். பொடி தீர்ந்துவிட்டது என்று கடைச் சமையல் உப்பைப் போட்டுவிடாதீர்கள். ஆனையிறவு உப்பாக இருந்தாலும் அதில் மீனுக்கு வேண்டிய மக்னீசியமும் கல்சியமும் போதிய அளவு இராது.

இவ்வளவும் தண்ணீர். இனி வாய்க்கு வருவோம். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இரண்டாவது துப்பு அங்கேதான் கிடக்கிறது.

இரையின் பக்கமே வராத மீனும், வந்து கவ்வித் துப்பும் மீனும் ஒன்றல்ல. முதலாவதுக்குப் பசியில்லை. இரண்டாவதுக்குப் பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. உருண்டை முதலில் துப்பியது, பிறகுதான் வராமல் போனது. அதனால் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, பற்கள் நீண்டுவிட்டன. மற்றது, தாடை இறுகிக்கொண்டு வருகிறது.

பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பல் தகடுகள் சேர்ந்து ஒரு அலகாக இருக்கும். அவை நம் நகத்தைப் போல வாழ்நாள் முழுக்க வளரும். கடலில் நண்டு, மட்டி, சங்கு என்று உடைத்துத் தின்பதால் தேய்ந்துகொண்டே போகும். உங்கள் வீட்டில் எட்டு மாதமாகக் கோது நீக்கிய மெல்லிய இறால்தான். தேய்வதற்கு அதில் என்ன இருக்கிறது? கண்ணாடிக்கு வெளியே நின்று, முகம் நேராகத் திரும்பும்போது போனில் சில படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அலகு உதட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலோ, மேலும் கீழும் ஒன்றையொன்று ஏறிக் கிடந்தாலோ, வாய் எப்போதும் மூடாமல் நின்றாலோ பல்தான் காரணம்.

பல்லை வெட்ட வேண்டும் என்றால் அதை வீட்டில் செய்ய வேண்டாம். இணையத்தில் காணொளிகள் ஏராளம், பார்க்க மிக இலகுவாக இருக்கும். கராம்பு எண்ணெயில் உள்ள யூஜினோல் மீனை மயக்கும். அந்த மயக்கத்தில் சிறு வெட்டியால் அலகின் நுனியை நறுக்குவார்கள். கண்டி, மாத்தளைப் பக்கம் கராம்பு எண்ணெய் தாராளமாகக் கிடைப்பதால் பலர் துணிந்துவிடுகிறார்கள். மயக்கத்துக்கும் மரணத்துக்கும் நடுவே உள்ள அளவு சில சொட்டுகள்தான். இரண்டு வாரம் பட்டினி கிடந்து குளிரில் சோர்ந்த மீனுக்கு அந்த இடைவெளி இன்னும் குறுகும். தண்ணீரைச் சரிசெய்து, மீன் கொஞ்சம் தெம்பான பிறகு, கால்நடை மருத்துவர் ஒருவரின் கையில் நடக்க வேண்டிய வேலை அது.

தாடை இறுகுவது வேறு கதை. பேத்தைகளிலும் முள்ளுப் பேத்தைகளிலும் இது நடக்கும். வாய் திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும், மூச்சு விடும்போது வழக்கமாக அசையும் தாடை அசையாது. இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் விற்றமின் பி1 குறைபாடு. சில இறால்களிலும் மட்டிகளிலும், சூடை, நெத்தலி இனத்து மீன்கள் பலவற்றிலும் தயமினேஸ் என்ற ஒரு நொதியம் இருக்கிறது. அது பி1ஐ அழித்துவிடும். ஐஸில் வைத்தாலும் அது சாவதில்லை. ஃபிரிஸரில் கிடக்கும் மாதங்களில் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரே வகை ஐஸ் இறாலை மாதக்கணக்கில் தின்ற மீனின் உடம்பில் பி1 வெகுவாகக் குறைந்துபோகலாம். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் அந்த நொதியம் பெரும்பாலும் அழியும். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் பி1 மாத்திரையை நுணுக்கி, சில சொட்டுத் தண்ணீரில் கரைத்து, இரையை அதில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கொடுக்கலாம். மாத்திரையில் ஒரு சிட்டிகை போதும். தாடை முழுதாக இறுகிய பிறகு மாத்திரையால் பயனில்லை, அப்போது ஊசியும் குழாய் வழி உணவும்தான், அதிலும் எல்லா மீனும் மீளாது. அதனால்தான் வாய் அசைகிறதா என்பதை இன்றே பாருங்கள் என்கிறேன்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். பேத்தை புத்தியுள்ள மீன்தான். இரை போடுகிறவரை அடையாளம் கண்டு கண்ணாடியோரம் வந்து நிற்கும். ஆனால் நாலு நாள் விட்டுப் போனதற்குப் பழிவாங்கத் தெரியாது. அந்த நாலு நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆள் நடமாட்டம் இல்லை, வீடு இன்னும் குளிர்ந்திருக்கும். கரண்ட் போய் வந்ததா என்பதும் உங்களுக்குத் தெரியாது. மகளிடம் அதற்குக் கோபமில்லை, குளிர்கிறது என்று சொல்லுங்கள். கம்பளி போர்த்தும் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

சரி, இரை. தண்ணீர் 24 பாகையைத் தொடும் வரை எதையும் போட வேண்டாம். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாலையில், அறை விளக்கை மங்கலாக்கி, ஒரு சிறு துண்டு. கால் மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஈர்க்கின் முனையை மழுங்க வெட்டி, அதில் இரையைக் குத்தி, மீனுக்கு முன்னால் மெல்ல ஆட்டுங்கள். அசையும் பொருளைப் பேத்தையின் கண் சட்டெனப் பிடிக்கும். ஹட்டன், நுவரெலியா மீன் கடைகளுக்கு ஐஸ் போட்டு வரும் கடல் நண்டின் கால், கோதோடு இறால் தலை, கணவாயின் கை, ஓட்டோடு மட்டி ஆகியவற்றில் எது புதிதாகக் கிடைக்கிறதோ அது. முதலில் கணவாய்க் கையை ஆட்டிப் பாருங்கள், மெல்லியது, வாசனையும் உண்டு. அதைத் தின்னத் தொடங்கிய பிறகு கோதுள்ளதற்கு மாறுங்கள். கடை இறாலில் கறுப்புப் புள்ளி வராமல் இருக்க மருந்து போட்டிருக்கலாம், பல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் உடனே தின்னும் என்று பலர் எழுதுவார்கள். வாசனைக்காகச் சில மீன்கள் எட்டிப் பார்ப்பது உண்மை. குளிருக்கும் பல்லுக்கும் அது மருந்தல்ல.

உயிர் நண்டு வேண்டும் என்று ஓடையில் கை வைத்துவிடாதீர்கள். நம் தீவில் ஏறக்குறைய 50 வகை நன்னீர் நண்டுகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட அத்தனையும் உலகில் வேறெங்கும் இல்லாதவை, மலைநாட்டு ஓடைகளில் இருப்பவற்றில் பல அழியும் நிலையில் இருக்கின்றன. ஒரு பேத்தையின் பசிக்கு அவற்றைப் பிடிப்பது நியாயமில்லை. மரக்கறிப் பாத்தி நத்தையும் வேண்டாம், அது நத்தை மருந்தைத் தின்ற நத்தையாக இருக்கலாம். மச்சான் சொல்லும் கப்பியில் ஆசை காட்டும் துடிப்பு உண்டு, ஆனால் கோது இல்லை, கடல் மீனுக்கு வேண்டிய சத்தும் இல்லை, கூடவே நோயையும் கொண்டுவரலாம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

அந்த நீல மருந்து. லேபிளில் செம்பு என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பேத்தைக்கு அது கூடவே கூடாது. மெதிலீன் நீலமாக இருந்தால் அது ஃபில்ட்டரின் நல்ல பக்டீரியாவைக் கொன்று, நீங்கள் கஷ்டப்பட்டுக் குறைத்த அமோனியாவை மறுபடி ஏற்றிவிடும். உடம்பில் வெள்ளைப் புள்ளியோ புண்ணோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நோய் என்னவென்று தெரியாமல் மருந்து ஊற்றும் பழக்கத்தை நம் மீன் கடைகள் எப்போது விடுமோ தெரியவில்லை. மலம் வெள்ளை நூல் போல வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்படியானால் குடலில் புழுவோ வேறு ஒட்டுண்ணியோ இருக்கலாம். கடலில் பிடித்த பேத்தைகளில் அது சகஜம். எதற்கு எந்த மருந்து என்பதை மலத்தை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

எப்போது புறப்பட வேண்டும்? வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கத் தொடங்கினால், அல்லது தாடை அசையவில்லை என்றால், அல்லது தண்ணீர் சரியாகி ஒரு வாரம் கழிந்தும் இரையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால். உங்களுக்குப் பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம். அங்கே போதனா வைத்தியசாலை இருக்கிறது. முதலில் தொலைபேசியில் பேசி மீன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். றம்பொடை வழியாக இறங்கும் பாதை வளைவுகள் நிறைந்தது. மூடியுள்ள வாளியில் பாதித் தண்ணீர், பாதிக் காற்று, பற்றரியில் ஓடும் சிறு பம்ப், வாளியைச் சுற்றி ரிஜிஃபோம் பெட்டி என்று வைத்துக்கொண்டால் தாங்கும். தொட்டியின் தண்ணீரில் ஒரு போத்தல் தனியாகக் கொண்டுபோங்கள், சோதிக்க உதவும்.

வாளிக்கு மாற்றும்போது வலையால் தூக்காதீர்கள். பயந்து உப்பும்போது தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கினால் சில வேளை அதனால் வெளியேற்ற முடியாமல் மேலே மிதந்தே சாகலாம். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, மீன் தண்ணீரை விட்டு வெளியே வராமல் அப்படியே அள்ளுங்கள். விரலை வாய்ப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், மட்டியை உடைக்கும் அலகு அது. சொல்லப் பிடிக்கவில்லை, இருந்தாலும் வீட்டில் குழந்தை இருப்பதால் சொல்கிறேன்: ஒருவேளை மீன் இறந்தால் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். பூனை, நாய் எதற்கும் எட்டக் கூடாது. பேத்தையின் உள்ளுறுப்புகளிலும் தோலிலும் இருக்கும் டெட்ரோடொட்டொக்சின் என்ற விஷம் சமைத்தாலும் போகாது.

துணைக்கு இன்னொரு மீன் வேண்டாம். நலமாக இருக்கும் பேத்தை அதன் செட்டையைக் கடிக்கும், நலமில்லாத பேத்தையை அது கடிக்கும், இரண்டு மீனின் கழிவு வேறு. உங்கள் மூன்றடித் தொட்டி உருண்டைக்கே கொஞ்ச காலம்தான் போதும், நாய்முகப் பேத்தை ஓரடி வரை வளரும். அந்தக் காசுக்கு இரண்டாவது ஹீட்டரை வாங்குங்கள்.